டிடிஎச் சீரியல்களைப் பதிவு செய்ய எந்த பாக்ஸ் வாங்கலாம்?

ஒன்றைப் பார்த்துக்கொண்டே இன்னொன்றைப் பதிய வேண்டுமானால் இரண்டு டியூனர் (சேனலைப் பிடித்துத் தரும் பகுதி) உள்ள பாக்ஸ்தான். அதற்குப் பெரும்பாலும் டிஷ்ஷில் இரட்டை எல்என்பியும் (டிஷ்ஷின் முன்னால் சிக்னலை வாங்கும் கருவி) இரண்டு கேபிளும் தேவை.

எச்டி சேனல் நொடிக்கு 8 மெகாபிட் என்றால் மணிக்கு 3.6 ஜிபி, பாக்ஸில் செருகும் 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்கில் ஏறக்குறைய 139 மணி நேரம் பிடிக்கும். மலிவான பென்டிரைவ் வேண்டாம், எழுதும் வேகம் போதாமல் படம் கட்டம் கட்டமாக உடையும். ஹார்ட் டிஸ்க் 'டிக் டிக்' என்றால் யூஎஸ்பி போர்ட் தரும் மின்சாரம் பற்றாமல் இருக்கலாம். தனி அடாப்டர் உள்ள டிஸ்க் போடுங்கள். செருகியதும் ஃபார்மேட் கேட்கும், உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும்.

கட்டணச் சேனல் பதிவுகள் பொதுவாகப் பூட்டப்பட்டே சேமிக்கப்படும். கம்ப்யூட்டரில் திறக்காது, பாக்ஸ் கெட்டால் அவையும் போச்சு.

டைமர் வைத்தபின் சுவர் சுவிட்சை அணைக்காதீர்கள். ரிமோட்டில் ஸ்டாண்ட்பை மட்டும்.