அம்மாவுக்குப் பழக்கம்தானா, தம்பி?

கேள்வி: கெடாவில் கோலக்கெட்டில் பக்கம் ஒரு தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) அம்மாவுடன் இருக்கிறேன். கோலாலம்பூர் நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கணக்கு வேலை. எட்டு மாதமாகச் சாப்பாட்டு மேசையில்தான் லேப்டாப். கழுத்தும் முதுகும் வலிக்கின்றன. 1,200 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு நாற்காலி பார்த்து வைத்திருக்கிறேன், வாங்கலாமா? மேசை முழுக்க என் சாமான்கள் என்பதால் அம்மா கீழே உட்கார்ந்து பசியாறுகிறார். முப்பது வருசம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், முட்டிவலி உண்டு. ஆனாலும் அவருக்குப் பழக்கம்தான்.

பதில்: நாற்காலியைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் அந்தக் கடைசி வரி.

முட்டிவலிக்காரர் தரையிலிருந்து எழுவதைப் பார்த்திருக்கிறீர்களா? தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு, ஒரு கையைத் தரையில் ஊன்றி, மறுகையால் சுவரைத் தடவிப் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு எழுவார். நீங்கள் காதில் ஹெட்போனோடு இரண்டடி தள்ளி உட்கார்ந்திருக்கிறீர்கள். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்குப் போய், மரப்பட்டையில் வெட்டு கீழே இறங்க இறங்கக் குனிந்து வெட்டி, பால் வாளியைத் தோளில் காண்டாக் கம்பில் சுமந்த உடம்பு அது. மகன் கேட்காததால் அவர் சொல்லவில்லை. அதற்குப் பழக்கம் என்று பெயர் வைக்காதீர்கள். அரசாங்கக் கிளினிக்கில் 1 வெள்ளிதான் கட்டணம், அந்த முட்டியை ஒருநாளாவது காட்டினீர்களா? பெற்றவர் தரையிலும் லேப்டாப் மேசையிலும் இருக்கிற வீட்டை நான் ஒழுங்கான வீடு என்று சொல்ல மாட்டேன்.

இன்று ராத்திரியே மேசையைக் காலி செய்யுங்கள். உங்கள் வேலை உங்கள் அறைக்குப் போகட்டும்.

சரி, இனி உங்கள் முதுகு. லேப்டாப்பில் திரையும் கீபோர்டும் ஒட்டியே இருக்கின்றன. கைக்குத் தோதாக வைத்தால் திரை தாழ்ந்துவிடும், தலை கவிழும். மனிதத் தலை ஏறக்குறைய 5 கிலோ. அதை முன்னால் சாய்த்தபடி நாள் முழுக்கத் தாங்கினால் கழுத்து வலிக்காமல் என்ன செய்யும்? 1,200 வெள்ளி நாற்காலியில் உட்கார்ந்தாலும் தலை அப்படியேதான் கவிழ்ந்திருக்கும். 100 வெள்ளிக்குள் தனி கீபோர்டும் மௌஸும் வாங்குங்கள். லேப்டாப்பைத் தடித்த புத்தகங்கள் மேல் ஏற்றி, திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்துக்கு வரும்படி வையுங்கள். கை நீட்டினால் விரல் திரையைத் தொடுகிற தூரம் சரியாக இருக்கும்.

மேசை 120 செ.மீ. நீளமும் 60 செ.மீ. அகலமும் இருந்தால் தாராளம். உயரம் 72 முதல் 75. நாற்காலிக்கு ஏற்றி இறக்கும் வசதி இருந்தால் போதும், பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. தோளை இறுக்காமல், முழங்கை 90 டிகிரி மடங்கி, பாதம் தரையில் பதிய வேண்டும். பதியாவிட்டால் காலடியில் ஒரு பலகைத் துண்டு.

சன்னல் பக்கவாட்டில் இருக்கட்டும். எதிரே இருந்தால் கண் கூசும், முதுகுக்குப் பின்னால் இருந்தால் திரையில் வெளிச்சம் அடிக்கும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடிக்கு அப்பால் எதையாவது 20 வினாடி பாருங்கள். மத்தியானம் இடி இடித்தால் பிளக்கோடு இணைய வயரையும் பிடுங்கிவிடுங்கள்.

அந்த வயரை அறைக்கு இழுக்கும்போது சுவரோரமாக ஆணியடித்துக் கொண்டுபோங்கள். அம்மா நடக்கிற வழியில் கிடக்கக் கூடாது.