பழைய நாணயங்களை உள்ளூர்க் கடையில் வாங்குவது நல்லதா, இணைய வியாபாரிகளிடம் வாங்குவது நல்லதா?

கேள்வி கேட்டவர் இப்போதுதான் சேர்க்கத் தொடங்கியிருப்பதாகவும், கையில் 5,000 ரூபாய் இருப்பதாகவும், சோழர் காசுகளும் பிரிட்டிஷ் காலத்து வெள்ளி ரூபாய்களும் பிடிக்கும் என்றும் எழுதியிருக்கிறார். அந்த இரண்டுக்கும் என் பதில் ஒன்றுதான்: முதலில் கடைக்குப் போங்கள். காசைக் கையில் எடுத்துப் பார்த்துப் பழகும்வரை இணையத்தில் பழங்காசு வாங்காதீர்கள்.

இதை இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. சேர்க்கத் தொடங்கிய மூன்றாம் ஆண்டில், ஆறாம் ஜார்ஜின் 1939 ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய் ஒன்றை இணையத்தில் 9,000 ரூபாய்க்கு வாங்கினேன். பிரிட்டிஷ் இந்திய ரூபாய்களில் மிக அரிதான ஆண்டுகளில் அது ஒன்று. வீட்டுத் தராசில் நிறுத்தேன், 11.6 கிராமுக்குச் சற்று மேல் காட்டியது. காந்தம் ஒட்டவில்லை. விளிம்பு வரிகள் சீராக இருந்தன. மகிழ்ச்சியோடு மதுரையில் நான் வழக்கமாகப் போகும் கடைக்கு எடுத்துச் சென்று பெரியவரிடம் காட்டினேன். அவர் லென்ஸை வைத்துப் பார்த்தார். பிறகு வாய் திறக்காமல், தட்டிலிருந்து ஒரு 1938 ரூபாயை எடுத்து அருகில் வைத்து, லென்ஸை என்னிடம் கொடுத்தார். "கடைசி எண்ணை மட்டும் பாருங்கள் தம்பி" என்றார். ஒன்பதின் வாலைச் சுற்றி உலோகம் மற்ற இடங்களைவிட லேசாகத் தாழ்ந்திருந்தது. மெல்லிய கீறல்கள் தெரிந்தன. எட்டைச் செதுக்கி ஒன்பதாக்கியிருந்தார்கள். காசு அசல், வெள்ளி அசல், எடை சரி. ஆண்டு மட்டும் பொய். எந்தப் புகைப்படத்திலும் அது தெரிந்திருக்காது. விற்றவரிடம் கேட்டபோது, திருப்பித் தரும் காலக்கெடு முடிந்துவிட்டது என்ற பதிலோடு நின்றுவிட்டார். அசலான 1939 அந்த விலைக்கு வராது என்பதே எனக்கு எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும்.

கடையில் கிடைப்பது இந்தப் பாடம்தான். 1835 இலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியும் அதன்பின் பிரிட்டிஷ் அரசும் அடித்த ரூபாயின் எடை 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. 1940 முதல் வெள்ளி பாதியாகக் குறைந்தது; 1947 இல் வெள்ளியே போய், புலி உருவத்தோடு நிக்கல் ரூபாய் வந்தது. இதையெல்லாம் எங்கும் படித்துக்கொள்ளலாம். ஆனால் நல்ல வெள்ளியைச் சுண்டினால் எழும் ஒலி, அச்சில் அடித்த காசின் எழுத்து முனையில் இருக்கும் கூர்மை, வார்ப்புக் காசின் முகத்தில் தெரியும் ஊசிக்குத்துப் போன்ற குழிகள் ஆகியவை கைக்கும் காதுக்கும் கண்ணுக்கும்தான் பழக வேண்டும். ஐம்பது காசுகளை அடுத்தடுத்துப் புரட்டிப் பார்த்தவருக்கு ஐம்பத்தோராவது காசு தவறாக இருந்தால் மனத்தில் ஏதோ நெருடும்.

பழந்தமிழ்க் காசுகளில் இது இன்னும் முக்கியம். ராஜராஜன் செப்புக்காசு (ஒரு புறம் நிற்கும் உருவம், மறுபுறம் அமர்ந்த உருவமும் நாகரி எழுத்தில் அரசன் பெயரும்) ஏராளமாகக் கிடைக்கிறது. ஓரளவு தேய்ந்த காசைச் சில நூறு ரூபாய்க்கே வாங்கலாம். ஆயிரம் ஆண்டு பழைமை என்றாலே விலை ஆயிரக்கணக்கில் இருக்கும் என்று நினைப்பவர்களிடம் இணையத்தில் பல மடங்கு கேட்கிறார்கள். கரூர் அமராவதி ஆற்றுப்படுகையில் கிடைத்தவை போன்ற சங்ககாலக் காசுகள் என்றால் போலிகளுக்குக் குறைவில்லை. ஆற்றிலும் மண்ணிலும் நூற்றாண்டுகள் கிடந்த செம்பின் களிம்பு உலோகத்தோடு இறுகியிருக்கும். பூசிய களிம்பு பள்ளங்களில் சாயம் போலத் தேங்கியிருக்கும். ஈரப் பஞ்சால் தொட்டால் பல நேரம் பஞ்சில் ஒட்டும். விற்பவர் அந்தச் சோதனைக்கு இடம் கொடுப்பாரா என்பதே பாதி விடையைச் சொல்லிவிடும்.

கடைக்காரர்கள் எல்லாரும் நல்லவர்கள் என்று சொல்லவில்லை. கடைகளில் நான் அதிகம் பார்த்த குறை, தேய்த்து மெருகேற்றிய காசு. புளி போட்டுத் துலக்கிய செப்புக்காசு பளபளக்கும், ஆனால் சேகரிப்பாளருக்கு அதன் மதிப்பு பெருமளவு போய்விடும். தேய்ந்துபோன பழைய மேற்பரப்பு திரும்ப வராது. அடுத்தது கொக்கித் தடம். நம் ஊரில் வெள்ளி ரூபாய்களைக் கோத்துக் கழுத்தில் அணிந்தார்கள். அந்தக் கொக்கியை எடுத்துவிட்டு விளிம்பை அராவி விற்பார்கள். காசிலுள்ள ராணி அல்லது மன்னர் தலைக்கு நேர்மேலே விளிம்பைத் திருப்பிப் பாருங்கள். வரிகள் அங்கே மட்டும் மழுங்கியிருந்தால் பற்றவைத்த இடம் அதுதான். முகப்பில் சிறு குத்துகள் இருந்தால் அது வேறு கதை: பழைய காலத்துச் சராபுகள், அதாவது பணம் மாற்றித் தரும் வணிகர்கள், வெள்ளியைச் சோதித்துக் குத்திய அடையாளம். விலை குறையும்தான், ஆனாலும் எனக்கு அந்தக் காசுகள்மீது தனிப் பிரியம். எத்தனையோ கை மாறிய பணம் அது என்பதற்கு அந்தக் குத்தே சாட்சி.

இணையம் சிறந்து நிற்கும் இடங்களும் உண்டு. அரசு வெளியிடும் நினைவு நாணயங்களை நாணயச் சாலைகளை நடத்தும் அரசு நிறுவனமே தன் இணையதளத்தில் விற்கிறது. அவற்றை அங்கேதான் வாங்க வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாண்டு நிறைவுக்கு வந்த 1,000 ரூபாய் வெள்ளி நாணயம் போன்றவை கடைக்கு வரும்போது வெளியீட்டு விலையைவிடக் கூடியிருக்கும். மும்பையிலும் பெங்களூருவிலும் உள்ள ஏல நிறுவனங்களின் பட்டியல்களையும் இணையத்தில் பாருங்கள். கேட்கும் விலையை யாரும் எப்படியும் எழுதலாம். ஏலத்தில் முடிந்த விலைதான் ஒருவர் உண்மையில் கொடுத்த விலை. நான் கடைக்குப் போகுமுன் அதைப் பார்த்துவிட்டுத்தான் போகிறேன். ஏலத்தில் வாங்குவதானால், முடிந்த விலைக்கு மேல் நிறுவனத்தின் கட்டணமும் வரியும் சேரும் என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள்.

தனி நபர்கள் போடும் விளம்பரங்களிலிருந்து விலகியிருங்கள். ராமர் பட்டாபிஷேகம் அல்லது அனுமன் உருவத்தோடு "1818 ஈஸ்ட் இந்தியா கம்பெனி" என்று பொறித்த காசுகளைக் கம்பெனி அடித்ததே இல்லை. ஓட்டைக் காலணா 1943 முதல் 1947 வரை கோடிக்கணக்கில் அடிக்கப்பட்டது. அதை அரிய பொருள் என்று விற்கிறார்கள். வைஷ்ணவ தேவி உருவம் பொறித்த 5 ரூபாய்க்கு லட்சங்கள் தருவதாகச் சொல்லி முதலில் "பதிவுக் கட்டணம்" கேட்பவர்களும் உண்டு. ரிசர்வ் வங்கி தன் பெயரைச் சொல்லி இப்படிக் கட்டணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று 2021 ஆகஸ்ட்டில் எச்சரித்தது. நூறு ஆண்டைக் கடந்த காசுகள் 1972 ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வருகின்றன. தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. எங்கே வாங்கினாலும் ரசீது கேளுங்கள்.

உங்கள் 5,000 ரூபாய்க்கு வருகிறேன். முதலில் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸும், கிராமில் நூறில் ஒரு பங்குவரை காட்டும் சிறு தராசும் வாங்குங்கள். அவற்றை இணையத்திலேயே வாங்கலாம். பிறகு ஒரு கடைக்குப் போய் ராஜராஜன் காசு இரண்டு கேளுங்கள், ஒன்று நன்றாக எழுத்துத் தெரிவது, ஒன்று தேய்ந்தது. அடுத்ததாக ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் ஒன்று. அதன் பொதுவான ஆண்டுகள் அன்றைய வெள்ளி விலையை ஒட்டியே விற்கும் என்பதால் ஏமாற வாய்ப்புக் குறைவு. பணம் கொடுக்குமுன், "போலி என்று தெரிந்தால் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா ஐயா?" என்று கேட்டு, அதை ரசீதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தருபவர் கடைக்கு மறுபடியும் போங்கள். தயங்குபவரிடம் காசைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.