குதிகால் மெஷின் சொன்ன மைனஸ் 2.7

கேள்வி: வயது 47. மாதவிலக்கு நின்று ஒரு வருடம் ஆகிறது. எங்கள் குடியிருப்பில் நடந்த இலவச முகாமில் குதிகாலை மெஷினில் வைத்துப் பார்த்து, “மைனஸ் 2.7, எலும்பு தேய்ந்துவிட்டது, பவுடர் சாப்பிடுங்கள்” என்றார்கள். மாதம் 3,500 ரூபாய் ஆகும். முழங்காலும் வலிக்கிறது. என்ன செய்வது?

பதில்: பவுடர் வாங்காதீர்கள், அம்மா. மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் எலும்பு அடர்த்தி மிகவும் குறைந்துவிட்டது என்ற எல்லைக்கோடு, இடுப்பிலும் முதுகிலும் எக்ஸ்ரே கதிரால் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனுக்கு உரியது. குதிகாலில் ஒலி அலை விட்டுப் பார்க்கும் பெட்டிக்கு அது பொருந்தாது. அன்று யாருக்காவது “நன்றாக இருக்கிறது” என்று சீட்டு கொடுத்தார்களா? பக்கத்து வீட்டில் விசாரித்துப் பாருங்கள்.

முழங்கால் வலி வேறு கதை. ‘தேய்மானம்’ என்ற ஒரே சொல்லை இரண்டு நோய்க்கும் வைத்துக்கொண்டு திண்டாடுகிறோம். மூட்டில் தேய்வது குருத்தெலும்பு, அது வலிக்கும். எலும்பின் அடர்த்தி குறைந்தால் வலிக்காது. குளியலறையில் வழுக்கிக் கையை ஊன்றி மணிக்கட்டு முறியும்போதுதான் தெரியும்.

பெண்ணுக்கு எலும்பு சேர்வது ஏறக்குறைய 30 வயது வரை. பூப்பெய்தும் வயதை ஒட்டிய சில ஆண்டுகளில் மளமளவென்று சேரும். மாதவிலக்கு நின்ற முதல் ஐந்தாறு வருடம் வேகமாகக் கரையும். நீங்கள் இப்போது அங்கேதான் இருக்கிறீர்கள். உங்களுக்கு நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்கிறது ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். பாலும் தயிருமாக அரை லிட்டரில் 600 வந்துவிடும். 100 கிராம் கேழ்வரகு மாவில் 350. மிச்சத்துக்குக் கீரையும் எள்ளும். தினமும் அரை மணி நேரம் வேகமாக நடங்கள்.

வைட்டமின் டி 60,000 யூனிட் பாக்கெட்டை மருந்துக்கடையில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். வாரம் ஒன்று என்று எழுதியதைத் தினம் ஒன்றாகச் சாப்பிட்டு, ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தியோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சீட்டே இல்லாமல் கொடுக்கிறார்கள், கேட்பாரில்லை.

அவசரமாக டெக்ஸா எடுக்கவும் வேண்டாம். ஆனால் 40 வயதுக்குள் கர்ப்பப்பையை எடுத்தவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களுக்கு வேறு கணக்கு. எலும்பைக் காக்கும் ஹார்மோனைச் சுரக்கும் சினைப்பைகளையும் சேர்த்து எடுத்திருந்தால் எலும்பு அன்றைக்கே கரையத் தொடங்கியிருக்கும். கர்ப்பப்பை மட்டும் போயிருந்தால் அவ்வளவு பயமில்லை. எது போனது என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. டிஸ்சார்ஜ் சம்மரியைப் பார்த்தால் ‘ஆபரேஷன் செய்யப்பட்டது’ என்று ஒரே வரி! வயிற்றைத் திறந்து எதை எடுத்தோம் என்று எழுத என்ன கஷ்டமோ. ஆபரேஷன் செய்த இடத்திலேயே எழுதிக் கேட்டு, அந்தக் குறிப்பை வாங்கி வரச் சொல்லுங்கள். அதைப் பார்த்துவிட்டு அவருக்கு டெக்ஸா எழுதலாம்.