ஆறு மணிக்குப் பையைத் தூக்குகிற பையன்கள்

கேள்வி: மொத்த வியாபாரக் கடையில் 27 வருஷமாகக் கணக்குப் பார்க்கிறேன். புதிதாக வந்த பையன்கள் ஆறு அடித்தால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள், ஒரு வார்த்தை சொன்னால் மூஞ்சி சுண்டிப்போகிறது. அவர்கள் மிச்சம் வைத்த வேலையை நினைத்து ராத்திரி தூக்கமே வரவில்லை. நான்தான் மாறணுமா?
– ஒரு வாசகர், பாளையங்கோட்டை

பதில்: அண்ணாச்சி, முதலில் உங்கள் தூக்கம், பையன்கள் அப்புறம். வேலை அழுத்தம் நாள்பட்டுக் கிடந்தால் உடம்பு ஓய்ந்து, வேலைமேல் வெறுப்பு வந்து, செய்கிற வேலையும் கெடும்; இதை உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தது, ஆனால் நோயாக அல்ல, வேலையிடத்து நிலையாக. தூக்கமின்மை நீண்டால் 14416-க்குக் கூப்பிடுங்கள், அதாவது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம்.

சரி, பையன்கள். நீங்கள் ராத்திரி பத்து வரை இருந்த காலத்தில், வீட்டில் ஒரு கல்யாணம் என்றால் முதலாளி கைகொடுப்பார் என்ற நம்பிக்கை இருந்தது. அடுத்த வருஷம் வேலை இருக்குமா என்றே தெரியாமல், அம்பாசமுத்திரம் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவனுக்கு அது ஏது? அவன் கிளம்புவது உங்களை மதிக்காமல் அல்ல. இன்னொன்று, நம்மூரில் 'ஏலே' பாசம்தான், ஆனால் வாடிக்கையாளர் முன்னால் கூப்பிட்டால் அவனுக்கு அது அடி. தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். ஐந்தரைக்கே மிச்ச வேலையை அவனையே நோட்டில் எழுதிவைக்கச் சொல்லுங்கள், வீட்டுக்கு நீங்கள் தூக்கிப்போக வேண்டியதில்லை.