தேங்காய் எண்ணெய்க் கணக்கு மாட்டுக் கொழுப்புக்குச் சரிவராது

கேள்வி: ஆறு மாதமாக வீட்டில் தேங்காய் எண்ணெய்ச் சவர்க்காரம் செய்து அக்கம்பக்கத்தில் விற்கிறேன். ஒரு கிலோ எண்ணெய்க்கு 174 கிராம் கொஸ்டிக் சோடா என்பது என் அளவு. ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு உறவினர் வீட்டில் மிஞ்சிய மாட்டுக் கொழுப்பை உருக்கி, அதே அளவில் ஒரு கிலோ செய்து பார்த்தேன். கட்டி கல் மாதிரி இறுகியது. ஆனால் கை எரிகிறது, மேலே வெள்ளைத் தூளும் பூத்திருக்கிறது. கொழுப்பில் பிழையா? இதற்கிடையில் ஒருவர் சுறா எண்ணெயும் மயிலெண்ணெயும் மலிவாகத் தருகிறேன், பாம் (பூசுகிற களிம்பு), லோஷன் செய்யுங்கள், பதிவும் எடுத்துத் தருகிறேன் என்கிறார். நம்பலாமா? (ஓட்டமாவடி வாசகி)

பதில்: கொழுப்பில் ஒரு பிழையும் இல்லை, மகள். பிழை கணக்கில்.

ஒவ்வொரு எண்ணெயும் எவ்வளவு கொஸ்டிக் தின்னும் என்று ஒரு கணக்கு உண்டு. ஒரு கிலோ தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 183 கிராம் தின்னும். அதில் ஐந்து சதவீதம் குறைத்து நீங்கள் 174 போடுகிறீர்கள். கொஞ்ச எண்ணெய் மிஞ்சி நின்றால்தான் தோல் காயாது. உங்களுக்குச் சொல்லித் தந்தவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் ஒரு கிலோ மாட்டுக் கொழுப்பு 141 கிராம் மட்டில்தான் தின்னும். மிச்சம் 33 கிராம் எங்கே போகும்? கட்டிக்குள்ளேயே கிடந்து, நனைந்த கை எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கும்.

ஏன் இந்த வித்தியாசம்? ஒரு கிலோ நெத்தலியில் தலை எத்தனை, ஒரு கிலோ பாரையில் தலை எத்தனை! கொஸ்டிக் தலைக்கு ஒன்றாகப் பிடிக்கிற சாமான். தேங்காய் எண்ணெயின் மூலக்கூறுகள் நெத்தலி, மாட்டுக் கொழுப்பின் மூலக்கூறுகள் பாரை. இதற்கு மேல் இரசாயனம் உங்களுக்குத் தேவையில்லை.

வெள்ளைத் தூள் மட்டும் என்றால் காற்றுப்பட்டுப் பூத்தது, துடைத்துவிடுங்கள் என்றிருப்பேன். கை எரிகிறது என்பதால்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

கட்டிகளை எறிய வேண்டாம். கையுறை போட்டுத் துருவுங்கள். சில்வர் (துருப்பிடிக்காத உருக்கு) சட்டியில் ஒரு தம்ளர் தண்ணீரும் கால் கிலோ தேங்காய் எண்ணெயும் சேர்த்து, மெல்லிய நெருப்பில் களி பதம் வரும்வரை கிளறுங்கள். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். அந்தக் கால் கிலோ, மிஞ்சிய 33 கிராமையும் தின்றுவிட்டுக் கொஞ்சம் மீதியும் வைக்கும். அலுமினியச் சட்டியைக் கிட்டவும் கொண்டுவராதீர்கள். கொஸ்டிக் அதை அரிக்கும், எரியக்கூடிய வாயுவும் கிளம்பும். அடுத்த முறை 700 கிராம் கொழுப்பு, 300 கிராம் தேங்காய் எண்ணெய், 146 கிராம் கொஸ்டிக், 300 கிராம் தண்ணீர். தனி மாட்டுக் கொழுப்பு நுரை தராது, அதற்காகத்தான் தேங்காய் எண்ணெய். கொஸ்டிக்கைத் தண்ணீருக்குள் போட வேண்டும், தண்ணீரைக் கொஸ்டிக்குக்குள் ஊற்றக் கூடாது. இது உங்களுக்குத் தெரிந்திருக்கும், தெரியாதவர்களும் வாசிப்பார்கள்.

சரி, சோதிப்பது எப்படி? மஞ்சள் தூளைத் தடவிப் பார், சிவந்தால் கொஸ்டிக் கூட என்று ஒரு கதை காணொளிகளில் சுற்றுகிறது. எந்த நல்ல சவர்க்காரத்திலும் மஞ்சள் சிவக்கும். சமையலறையில் மஞ்சள் கறை பட்ட சேலையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிய யாருக்கும் இது தெரியும். பாடசாலை ஆய்வுகூடத்தில் பினோத்தலீன் என்ற, காரம் பட்டால் நிறம் மாறுகிற திரவம் இருக்கும். தெரிந்த விஞ்ஞான ஆசிரியரிடம் சில துளி கேளுங்கள். கட்டியை வெட்டி, வெட்டு முகத்தில் ஒரு துளி விடுங்கள். மெல்லிய றோசா நிறம் பரவாயில்லை. பீட்றூட் சாறு மாதிரிப் பளீரென்று வந்தால் இன்னும் கொஸ்டிக் கிடக்கிறது.

கொஸ்டிக் வாங்குவதிலும் ஒரு பொறி. ஹாட்வெயார் கடையில் வாய் திறந்த சாக்கிலிருந்து அள்ளித் தருவது காற்றின் ஈரத்தைக் குடித்துக் கட்டிபட்டிருக்கும். 146 கிராம் நிறுத்தால் அதில் எவ்வளவு கொஸ்டிக், எவ்வளவு தண்ணீர் என்று கடைக்காரருக்கும் தெரியாது. அடைப்பெடுக்கிற தூளை மலிவு என்று வாங்கவே வேண்டாம். அதில் சிலவற்றில் அலுமினியத் துகள் கலந்திருக்கும்.

ஆட்டுக் கொழுப்பும் ஏறத்தாழ மாட்டின் கணக்குத்தான், கிடாயின் மொச்சை வாடை மட்டும் கட்டிக்குள்ளும் கூடவே வரும். எருமை நெய் 160 சொச்சம் தின்னும். அதைச் சோற்றுக்கு ஊற்றிக்கொள்ளுங்கள்.

இனி அந்தச் சுறா எண்ணெய். எனக்கு நானே கணக்குச் சொல்லி ஏமாந்த எண்ணெய் இது. வாழைச்சேனைத் துறைமுகம் உங்களுக்குப் பக்கத்தில், ஈரல் கிடைக்கும், எண்ணெய் உருக்குவதும் சுலபம். பழைய காலத்தில் மரத் தோணிக்குப் பூசியதுதான். ஆனால் ஆழ்கடல் சுறாக்கள் சிலவற்றின் ஈரல் எண்ணெயில் பெரும்பங்கு ஸ்குவாலீன் என்ற பொருள். பார்வைக்கு எண்ணெய், தடவினாலும் எண்ணெய், ஆனால் கொஸ்டிக்கோடு சேரவே சேராது. எவ்வளவு கொஸ்டிக் போட்டாலும் அது அதுவாகவே நிற்கும். மற்றச் சுறாக்களில் அது குறைவு, அந்த எண்ணெய் கொஸ்டிக்கைச் சாதாரணமாகத் தின்னும். அப்படியானால் போத்தலில் இருப்பது எந்தச் சுறா? விற்பவருக்குத் தெரியாது. பத்துச் சுறாவின் ஈரல் ஒரு பீப்பாயில் கிடக்கும். எந்த எண்ணெய் எவ்வளவு தின்னும் என்ற அட்டவணையில் உள்ள இலக்கத்தைப் பார்த்துப் போட்டால் ஒரு தரம் கட்டி வழவழவென்று எண்ணெய் கசியும், ஒரு தரம் கை எரியும். நான் ஒரே பீப்பாயிலிருந்து இரண்டு தரம் எடுத்து இரண்டையும் கண்டேன். மீன் வாடையைப் பற்றி நான் இன்னும் பேசவே இல்லை. அதோடு, கசாலி என்ற நீண்ட வால் சுறா மாதிரிச் சில இனங்களைப் பிடிக்கவே தடை. சவர்க்காரத்துக்குச் சுறா எண்ணெய் வேண்டாம்.

மயிலெண்ணெய்க்கு வருகிறேன். அம்பாறை வயல்களில் மயில் படுத்தும் பாடு எனக்கும் தெரியும். ஆனால் அதைக் கொல்வது 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி குற்றம். உடும்பும் மலைப்பாம்பும் அப்படியே. அந்த மனிதர் தருவது உண்மையிலேயே மயில் என்றால் நீங்கள் குற்றத்தில் பங்காளி. உண்மையில்லை என்றால், என் அனுபவத்தில் அதற்குத்தான் வாய்ப்புக் கூட, கற்பூரம் கரைத்த ஏதோ ஒரு மலிவு எண்ணெய்க்குக் காசு கொடுக்கிறீர்கள். எந்தப் பக்கம் பார்த்தாலும் நட்டம் உங்களுக்கு.

பதிவு எடுத்துத் தருகிறேன் என்பதுதான் அவருடைய உண்மையான வியாபாரம் என்று நினைக்கிறேன். வியாபாரப் பெயரைப் பதிய உங்கள் பிரதேச செயலகம் போதும், அதற்குத் தரகர் தேவையில்லை. ‘மூட்டு வலி தீரும்’, ‘சொறி மாறும்’ என்று லேபலில் எழுதினால் அது மருந்தாகிவிடும், 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க மருந்துச் சட்டம் பேசும். எழுதாதீர்கள். வீட்டில் இருபது கட்டி செய்கிறவர் வேறு எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று நான் ஒரு அலுவலகத்தில் கேட்டேன். கொழும்பில் கேளுங்கள் என்றார்கள். கொழும்பில் கேட்டேன், மாவட்டத்தில் கேளுங்கள் என்றார்கள். எந்தக் கதவு என்று அவர்கள் ஒரு தாளில் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டினால் தரகர் பாதிப்பேர் வேறு தொழில் தேடுவார்கள்.

லேபலில் ‘மாட்டுக் கொழுப்பு’ என்று பெரிய எழுத்தில் போடுங்கள். மொத்தமாக வாங்குகிறேன், லேபல் வேண்டாம் என்று ஒருவர் வருவார். அவர் அதை ‘மூலிகைச் சோப்’ ஆக்கிக் களுவாஞ்சிக்குடியில் கோயிலுக்குப் போகிற ஒரு அம்மாவின் கையில் கொடுப்பார். உழ்ஹிய்யாக் கொழுப்பை, அதாவது பெருநாளுக்கு அறுத்துக் கொடுத்த மாட்டின் கொழுப்பை, விற்கலாமா என்பது என் பாடமில்லை. விற்கக் கூடாது என்று மௌலவிமார் சொல்லக் கேட்டிருக்கிறேன், நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் பாவிப்பது வேறு. விற்பதற்கு இறைச்சிக் கடையில் குண்டிக்காயைச் சுற்றியிருக்கும் கொழுப்பைக் கேளுங்கள். அதுதான் இறுக்கமும் வாடை குறைவும். உப்புத் தண்ணீரில் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, மேலே உறைந்த வட்டத்தை எடுத்து அடிப்பக்க அழுக்கைச் சுரண்டுங்கள். மூன்று தரம்.

பாம் செய்ய விருப்பம் என்றால் தாராளமாகச் செய்யலாம், அதில் கொஸ்டிக்கும் இல்லை, தண்ணீரும் இல்லை. சுத்தம் செய்த கொழுப்பு 50 கிராம், தேங்காய் எண்ணெய் 30, தேன்மெழுகு 20. நம்முடைய வெயிலுக்கு மெழுகு இதைவிடக் குறைந்தால் டப்பாவுக்குள் ஓடும். லோஷனில் தண்ணீர் இருக்கிறது. தண்ணீர் இருந்தால் பூஞ்சணம் வரும், அதைத் தடுக்கும் மருந்தைச் சரியான அளவில் சேர்க்கத் தெரியாதவர் விற்கக் கூடாது. வீட்டுக்கு என்றால் ஒரு சின்னப் போத்தல் செய்து, குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, ஒரு கிழமைக்குள் முடித்துவிடுங்கள்.