மீன் தின்றால் மதி மயங்குமா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பிரான்ஸில் ஒருவகை மீனைச் சாப்பிட்டவர்களுக்கு இரண்டு நாளாக இல்லாததெல்லாம் கண்ணில் தெரிந்ததாம் என்று மகன் யூடியூபில் பார்த்துவிட்டுச் சொல்கிறான். இப்படிச் செய்யும் மீன்களின் பட்டியலில் ஓராவும் இருக்கிறதாம். எங்கள் வீட்டில் கிழமைக்கு ஒருதரமாவது ஓராக் குழம்புதான். நிறுத்திவிட வேண்டுமா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: நிறுத்தத் தேவையில்லை. வெட்டும் முறையில்தான் கவனம் வேண்டும்.

மகன் பார்த்தது உண்மையான சம்பவம். அந்த மீனின் அறிவியற் பெயர் சார்ப்பா சல்ப்பா. மத்தியதரைக் கடலில் அதிகமாகக் கிடைக்கும். வெள்ளி உடலில் நீளவாக்கில் பொன்னிறக் கோடுகள் ஓடும். 1994இல் பிரான்ஸின் தென்கரைக்கு விடுமுறைக்குப் போன 40 வயதுக்காரர் ஒருவர் இந்த மீனைச் சமைத்துச் சாப்பிட்டார். சில மணி நேரத்தில் குமட்டல். மறுநாள் பார்வை மங்கிச் சத்தியும் வந்தது. வீடு திரும்பலாம் என்று காரை எடுத்தவருக்கு, காரைச் சுற்றிப் பெரிய பெரிய பூச்சிகளும் அலறும் மிருகங்களும் நிற்பதாகத் தெரிந்தது. ஓட்ட முடியாமல் ஆஸ்பத்திரிக்குப் போனார். 36 மணி நேரத்தில் முற்றாகத் தெளிந்தது. 2002இல் அதே தென்கரையிலுள்ள சாந்த்ரோப்பேயில், இதே மீனைச் சாப்பிட்ட 90 வயது முதியவர் ஒருவருக்கு மனிதர் கத்துவதும் பறவைகள் கீச்சிடுவதும் கேட்டன. இரண்டு இரவு கெட்ட கனவு. புத்தி பேதலித்துவிட்டதோ என்ற பயத்தில் அவர் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. இந்த இரண்டும் 2006இல் நச்சியல் சஞ்சிகையொன்றில் வெளியாயின.

இப்படியான விளைவு எப்போதாவது பதிவான மீன்களில் ஓரா இனங்களும், மணலையும், தாடையில் இரண்டு மீசை தொங்கும் நகரையும் உண்டு. ஹவாய்த் தீவுகளில் நகரையின் தலையைச் சாப்பிட்டால் பயங்கரக் கனவு வரும் என்று மீனவர்கள் நெடுங்காலமாகவே சொல்லி வருகிறார்கள். இந்த மீன்களில் பல பாசி மேய்பவை, அல்லது அடிச்சேற்றைக் கிளறி இரை தேடுபவை. நஞ்சு மீனின் உடலில் சுரப்பதல்ல, இரையோடு வந்து சேர்வது என்பதே ஆய்வாளர்களின் கணிப்பு. எந்த வேதிப்பொருள் என்று இன்னும் பிரித்துக் காட்டப்படவில்லை. ஒரே வலையில் வந்த மீனைத் தின்ற பத்துப் பேரில் ஒருவருக்கு மட்டும் வருவதும் உண்டு. இதை ஒரு 'போதை'யாக நினைத்துத் தேடிப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: வருவது பெரும்பாலும் பயமும் சத்தியும்தான், அளவும் யார் கையிலும் இல்லை.

சமையலறையில் செய்ய வேண்டியது இதுதான். முதலில் கத்தரிக்கோலால் முதுகு, வயிறு, அடிச் செட்டை முள்ளுகளை வெட்டுங்கள். ஓராவின் முள்ளில் தனியாக ஒரு விஷம் உண்டு. குத்தினால் கை தாங்கக்கூடிய சூட்டு நீரில், 45 பாகைக்கு மேற்படாமல், அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வைத்திருந்தால் வலி அடங்கும். பிறகு வயிற்றை ஆழமாகக் குத்தாமல் தோலளவாகக் கீறுங்கள். பாசி தின்னும் மீன் என்பதால் குடல் நீளமாகச் சுருண்டு கிடக்கும். கத்தி பட்டால் பச்சைக் கரைசல் சதையில் பரவும். குடலையும் ஈரலையும் முழுதாக இழுத்தெடுத்து, உள்ளே ஒட்டியிருக்கும் கறுப்புச் சவ்வையும் உரசிக் கழுவுங்கள். வாங்கிய உடனே இதைச் செய்யுங்கள், பிரிட்ஜில் வைத்து மறுநாளுக்கு விடாதீர்கள். ஒடியற்கூழுக்கு மீன் தலை போடுகிறவர்கள் ஓரா, நகரைத் தலைகளை விட்டுவிட்டு வேறு மீனின் தலையைப் போடலாம்.

கேள்வி: பின்னேரம் நடைபாதைக் கடையில் வாங்கிய கெலவல்லா மீனைக் குழம்பு வைத்துச் சாப்பிட்டோம். அரை மணிக்குள் எனக்கும் மாமிக்கும் முகம் சிவந்து கொதித்தது, தலை இடித்தது, நெஞ்சு படபடத்தது, குடித்தவர்போலத் தள்ளாட்டம். இதுவும் அந்த மதிமயக்க மீனா? அலர்ஜியா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: இரண்டும் இல்லை. ஒரே சட்டியில் சாப்பிட்ட இருவருக்கும் ஒரே நேரத்தில் வந்ததே நல்ல அடையாளம். கொழும்பில் மீன் சாப்பிட்டு 'ஏறிவிட்டது' என்று வருகிறவர்களிடம் முதலில் நினைக்க வேண்டியது, கெட்ட மீனில் உண்டாகும் ஹிஸ்டமின் நச்சைத்தான்.

கெலவல்லா, சூரை, பலயா, கும்பளா போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். மீன் சூடேறிக் கிடந்தால் பக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். நல்ல மீனில் கிலோவுக்கு 10 மில்லிகிராமுக்கும் குறைவாகவே இருக்கும். சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் விதித்த எல்லை 200. ஒருமுறை உண்டான ஹிஸ்டமின் கொதித்தாலும் போகாது, உறைய வைத்தாலும் போகாது, டின்னில் அடைத்தாலும் போகாது. கொறக்காய்ப் புளி பக்டீரியா பெருகுவதைத் தடுக்கும் என்பது சரி. ஆனால் மீன் ஏற்கெனவே கெட்டிருந்தால் எவ்வளவு புளி போட்டும் பயனில்லை. மணத்தை நம்பவும் முடியாது. நாற்றம் வருவதற்கு முன்பே ஹிஸ்டமின் ஏறியிருக்கலாம். வாயில் வைத்ததும் மிளகு கடித்ததுபோல நாக்கு சுரீரென்றால் அந்தத் துண்டைத் துப்பிவிடுங்கள்.

பேலியகொடை மீன் சந்தையில் விடிய வாங்கிய மீன், பின்னேரம் வரை ஐஸ் இல்லாமல் பலகையில் வெயிலோடு கிடந்ததா என்பதுதான் கேள்வி. மீனின் நிறைக்குச் சமமான ஐஸ் மேலும் கீழும் இருக்க வேண்டும். வெட்டிய துண்டுகளை வாங்குவதாக இருந்தால் தொட்டுப் பாருங்கள். குளிர்ச்சி இல்லையென்றால் விலை குறைவு என்பதற்காக வாங்காதீர்கள். வீட்டில் 4 பாகைக்குக் கீழே வையுங்கள்.

பெரும்பாலும் சில மணி நேரத்தில் தானாகத் தணியும். வைத்தியர் ஹிஸ்டமின் எதிர்ப்பு மாத்திரை தருவார். மூச்சுத் திணறல், மயக்கம் வந்தால் 1990 அம்புலன்ஸை அழையுங்கள். காசநோய்க்கு ஐசோனியசிட் எடுப்பவர்களுக்கு இது கடுமையாக வரும், ஏனெனில் ஹிஸ்டமினைச் சிதைக்கும் நொதியை அந்த மருந்து அடக்கிவிடுகிறது. மிச்ச மீனை எறியாமல் பையில் கட்டி உறைய வைத்து, வாங்கிய நேரத்தையும் சாப்பிட்ட நேரத்தையும் எழுதிக்கொண்டு போங்கள்.

கேள்வி: பேத்தை மீனைச் சிறிதளவு தின்றால் உடம்பு மிதக்கும் என்கிறார்களே?
– வாசகர், தெஹிவளை

பதில்: உதடும் நாக்கும் மரத்துப்போவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அது தசைகள் செயலிழப்பதன் முதற்படி. பேத்தையிலுள்ள டெட்ரோடொக்சின் என்ற நஞ்சு மூளையை மயக்காது. நினைவு தெளிவாக இருக்க, மூச்சுத் தசைகள் நின்றுவிடும். மாற்று மருந்து கிடையாது, செயற்கைச் சுவாசம் ஒன்றே வழி. ஈரலையும் சினையையும் நீக்கினால் போதும் என்று நம்பி வீட்டில் வெட்டவே கூடாது.

கேள்வி: கடலாமை இறைச்சி தின்றவர்கள் தூங்கியபடியே இறந்தார்கள் என்று பாட்டி சொல்வார். நம்பலாமா?
– வாசகி, மொரட்டுவை

பதில்: நம்பலாம், அதுவும் உங்கள் பக்கத்து ஊரில் நடந்தது. 1840 ஒக்டோபரில் பாணந்துறையில் ஆமை இறைச்சி உண்ட 28 பேருக்கு உடனே சுகவீனம் கண்டு, பிறகு உணர்விழந்து, அன்றிரவே 18 பேர் இறந்ததாக, ஆங்கிலேயர் காலத்தில் இலங்கையில் அதிகாரியாக இருந்த எமர்சன் டெனன்ட் பதிவு செய்திருக்கிறார். வழமையைவிடக் கொழுப்பாக இருந்தது, வேறு வித்தியாசம் தெரியவில்லை என்று பிழைத்தவர்கள் சொன்னார்களாம். முதலில் சத்தி, வாய்ப்புண், விழுங்க முடியாமை. பிறகு அசதி, நினைவிழப்பு. தாய் உண்டால் இந்த நஞ்சு தாய்ப்பால் வழியாகக் குழந்தைக்கும் போகும், குழந்தைகளே அதிகம் இறக்கிறார்கள். சமைத்தால் அழியாது, மாற்று மருந்தும் இல்லை. கடலாமையைப் பிடிப்பதும் விற்பதும் சட்டப்படி குற்றம்.

கேள்வி: தேரையை நக்கினால் காட்சிகள் தெரியும் என்று பள்ளிப் பிள்ளைகள் கதைக்கிறார்கள்.
– ஆசிரியை, பம்பலப்பிட்டி

பதில்: அவர்கள் கேள்விப்பட்டது வட அமெரிக்கச் சொனோரா பாலைவனத் தேரையைப் பற்றி. அதன் சுரப்பிலுள்ள மயக்கப்பொருளை விழுங்கினால் குடலிலும் ஈரலிலுமுள்ள நொதி பெருமளவுக்குச் சிதைத்துவிடும். எஞ்சுவது இதயத்தைத் தாக்கும் நஞ்சு. நம் வீட்டு முற்றத்துத் தேரையின் காதோரச் சுரப்பியிலும் அந்த இதய நஞ்சு இருக்கிறது. 1993க்கும் 1995க்கும் இடையில் நியூயோர்க்கில், ஆண்மை மருந்தென்று விற்கப்பட்ட தேரைச் சுரப்புக் கட்டியை விழுங்கிய ஐவரில் நால்வர் இறந்தார்கள். பிள்ளைகளிடம் இதை அப்படியே சொல்லுங்கள். யாராவது வாயில் வைத்துவிட்டால் வாயைக் கழுவி, சத்தி எடுக்க வைக்காமல், உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: நேபாளத்திலிருந்து நண்பர் கொண்டுவந்த தேனை ஒரு கரண்டி சாப்பிட்டுத் தலை சுற்றி விழுந்தேன். கலப்படமா?
– வாசகர், கொம்பனித்தெரு

பதில்: பெரும்பாலும் கலப்படம் இல்லாத தேனாகவே இருக்கும். இமயமலைப் பெருந்தேனீ ரோடோடென்ட்ரன் பூக்களில் எடுக்கும் தேனில் கிரயனோடொக்சின் என்ற நஞ்சு இருக்கும். 5 முதல் 30 கிராம் வரை, அதாவது ஒரு தேக்கரண்டியிலேயே, நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் விழலாம். மயக்கத்துக்குக் காரணம் அதுவே. நாடி 50க்குக் கீழே போனால், அல்லது எழுந்து நிற்க முடியாவிட்டால், படுக்க வைத்துக் காலை உயர்த்தி 1990க்கு அழையுங்கள். நாடியை ஏற்ற ஆஸ்பத்திரியில் அற்றோபின் ஊசி இருக்கிறது. வழமையாக ஒரு நாளுக்குள் சரியாகும். நெஞ்சு வருத்தத்துக்கோ அழுத்தத்துக்கோ மாத்திரை எடுப்பவர் வீட்டில் இருந்தால் அந்தப் போத்தலை இன்றைக்கே ஊற்றிவிடுங்கள்.