கடைசி பெஞ்சில் ஓர் இடம்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

எனக்கு 44 வயது. 11 ஆண்டுகள் ஆலயத்தின் பக்கமே போகாமல் இருந்துவிட்டு, இந்தக் கிறிஸ்துமஸ் இரவு ஆராதனைக்குப் போனேன். போய் வந்த பிறகுதான் குழப்பம் கூடியிருக்கிறது.

நான் ஆலயத்திலேயே வளர்ந்தவன். அப்பா சபைக் கணக்கு பார்த்தவர். சிறு வயதில் கிறிஸ்துமஸ் நாடகம் என்றால் எனக்குச் சத்திரக்காரன் வேடம்தான். "இடம் இல்லை, போங்கள்" என்று ஒரே ஒரு வசனம். சத்தமாகச் சொல்வேன் என்பதால் வருடாவருடம் அது எனக்கே வரும்.

33 வயதில் எனக்கு விவாகரத்து ஆனது. யார் மேல் தவறு என்று இங்கே எழுதப் போவதில்லை. என் மேலும் இருந்தது. அந்த மாதம் சபை மூப்பர் ஒருவர் தோளில் கை வைத்து, "கொஞ்ச நாளைக்கு நீ வேதபாடம் வாசிக்க வேண்டாம், தம்பி" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அதனால்தானோ என்னவோ, இன்றும் குத்துகிறது. "உன்னால் இனி நான் முன் வரிசையில் உட்கார முடியாது" என்றார் அப்பா. நான் போவதை நிறுத்திக்கொண்டேன். அப்பா இறந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அந்தப் பேச்சு அப்படியே நின்றுவிட்டது.

இந்த முறை என்னை யாருக்கும் தெரியாத வேறோர் ஆலயத்துக்குப் போனேன். யாராவது கேட்டால், "மாற்றலாகி வந்திருக்கிறேன்" என்று சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். அது பொய். நுழைந்தபோது முதல் பாட்டு முடிந்திருந்தது. அத்தனை பேரும் என்னையே திரும்பிப் பார்ப்பதுபோல் இருந்தது. கடைசி பெஞ்சும் நிறைந்திருந்தது. ஓரத்தில் இருந்த ஒரு பாட்டி, என் முகத்தைக்கூடப் பார்க்காமல், பக்கத்தில் வைத்திருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். உட்கார்ந்தேன். அடுத்த பாட்டு தொடங்கியதும் தன் பாட்டுப் புத்தகத்தை என் பக்கம் நகர்த்தினார். ஒரு ஓரத்தில் அவர் கட்டைவிரல், மறு ஓரத்தில் என்னுடையது. அவர் சுருதி விலகித்தான் பாடினார். இரண்டாவது சரணத்தில் எனக்குக் குரல் உடைந்துவிட்டது. "வா" என்று யாரோ கூப்பிட்டதுபோல் இருந்தது.

திருவிருந்துக்கு எழுந்து போகவில்லை. கடைசி ஆசீர்வாதத்துக்கு முன்பே வெளியே வந்துவிட்டேன்.

அது கடவுள்தானா, அல்லது பழைய பாட்டும் இரவும் சேர்ந்து செய்த வேலையா? வாழ்க்கையைச் சரிசெய்துகொள்ளாமல் நான் மறுபடி போகலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் ஒரு திருத்தம். நீங்கள் வருடாவருடம் நடித்த சத்திரக்காரன் வேதாகமத்தில் இல்லை. இயேசுவின் பிறப்பைச் சொல்லும் லூக்கா 2:7ஐ எடுத்துப் படித்துப் பாருங்கள். இடமில்லாதிருந்தது என்று மட்டும்தான் இருக்கிறது. கதவைத் திறந்தவனும் இல்லை, "போங்கள்" என்று விரட்டியவனும் இல்லை. அவனை நாடகத்துக்காக நாமே உண்டாக்கிக்கொண்டோம்.

இன்னொன்றும் உண்டு. அந்த வசனத்தில் 'சத்திரம்' என்று நாம் படிக்கும் இடத்தில் கிரேக்க மூலத்தில் 'கட்டாலுமா' என்ற சொல் இருக்கிறது. கடைசி இராப்போஜனம் நடந்த அறையைக் குறிக்கவும் லூக்கா இதே சொல்லைத்தான் எழுதுகிறார். இயேசு சொன்ன உவமையில் நல்ல சமாரியன் காயப்பட்டவனைக் கொண்டுபோய்ச் சேர்த்த சத்திரத்துக்கு லூக்கா வைத்திருக்கும் சொல்லே வேறு. அதனால், அது விருந்தினர் அறை நிரம்பிவிட்ட ஒரு வீடு என்றும், இருந்த நெருக்கடியில் மாடுகளுக்குத் தீனி வைக்கும் முன்னணையருகே இடம் ஒதுக்கிக்கொண்டார்கள் என்றும் கருதும் ஆய்வாளர்கள் பலர். அந்தப் பாட்டி கைப்பையை மடிக்கு மாற்றியதைப் படித்தபோது எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது. பெஞ்சு அப்போதும் நிறைந்துதான் இருந்தது.

அந்த மூப்பர் சொன்னது உங்களைக் காயப்படுத்தியது. அன்பாகச் சொன்னார் என்பதற்காக நீங்கள் அதைச் சிறிதாக்கிக் காட்ட வேண்டியதில்லை. ஆனால் அவர் சொன்னது, கொஞ்ச நாளைக்கு வாசிக்க வேண்டாம் என்று. 11 ஆண்டுகள் என்று அவர் சொல்லவில்லை. மீதிக் காலமெல்லாம் அந்தப் பழைய நாடக வசனத்தை உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொண்டிருந்தீர்கள் என்று நினைக்கிறேன். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. வெட்கம் இப்படித்தான் வேலை செய்யும். 'நான் ஒரு தவறு செய்தேன்' என்பது குற்ற உணர்வு. அதற்கு மன்னிப்புக் கேட்கலாம், ஈடு செய்யலாம். 'நானே தவறு' என்பது வெட்கம். அதற்கு ஒளிந்துகொள்வதைத் தவிர வேறு எதுவும் தோன்றாது. "என் மேலும் தவறு இருந்தது" என்று நீங்கள் எழுதிய வரியில் குற்ற உணர்வு இருக்கிறது, அது ஆரோக்கியமானது. ஆசீர்வாதத்துக்கு முன் வெளியே ஓடிய கால்களில் இருந்தது வெட்கம்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள் என்கிறீர்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தின் தாமஸ் கிலோவிச்சும் சகாக்களும் 2000ஆம் ஆண்டில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். போட்டுக்கொள்ளவே கூச்சமான படம் அச்சிட்ட சட்டையை ஒரு மாணவருக்கு அணிவித்து, மற்றவர்கள் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் அறைக்குள் தாமதமாக அனுப்பினார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று அணிந்தவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிப் பேர்தான். நீங்களோ சாதாரணச் சட்டையில் போயிருக்கிறீர்கள்!

கடவுளா, பாட்டா என்ற கேள்விக்கு வருகிறேன். இளம் வயதில் பாடிய பாட்டு பழைய நினைவுகளை உணர்ச்சியோடு கிளறிவிடும். கூட்டமாகப் பாடும்போது மூச்சும் தாளமும் ஒன்றுபட்டு, அந்நியர் நடுவிலும் நெருக்கம் தோன்றும். இதெல்லாம் எனக்குத் தெரிந்த துறை. ஆனால் கண்ணீர் எந்த வழியாக வந்தது என்று சொல்ல முடிந்தாலே, கூப்பிட்டவர் யாரும் இல்லை என்று முடிவு கட்டிவிட முடியாது. கடிதம் தபால்காரர் கையால் வந்ததால் எழுதியவர் இல்லை என்று சொல்வோமா? நான் இந்த விஷயத்தில் தீர்ப்புச் சொல்லும் இடத்தில் இல்லை. ஒரு விசுவாசியாகக் கேட்டால், எனக்குச் சந்தேகம் இல்லை.

அப்பாவைப் பற்றி இரண்டே வரிதான் எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தின் கனமான இடம் அதுதான். கடவுளைப் பற்றி நம் மனத்தில் உருவாகும் படம் பெருமளவு பெற்றோரிடமிருந்து தொடங்குகிறது என்று உளப்பகுப்பாய்வாளர் அனா மரியா ரிசூட்டோ 1979இல் விரிவாக எழுதினார். முன் வரிசையில் உட்கார முடியாமல் போனது உங்கள் அப்பாவுக்கு. கடவுளுக்கும் அதே அவமானம் நேர்ந்துவிட்டதாக உங்கள் மனம் எடுத்துக்கொண்டுவிட்டது. அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அனுப்ப முடியாதுதான், எழுதுங்கள். எழுதும்போது துக்கம் பெருகி, தூக்கமும் பசியும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டால், நேரில் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள்.

சரிசெய்துகொண்டு போவதா? இயேசு சொன்ன உவமையில், வீட்டைவிட்டுப் போன கெட்ட குமாரன் தன் தகப்பனிடம் சொல்ல ஒரு பேச்சைத் தயாரித்துக்கொண்டு வந்தான். கடைசி வரி, என்னைக் கூலிக்காரனாக வைத்துக்கொள்ளும் என்பது. பாதிதான் சொன்னான், அதற்குள் தகப்பன் வஸ்திரம் கொண்டுவரச் சொல்லிவிட்டார். உங்கள் 'மாற்றல்' கதையையும் அந்தப் பாட்டி கேட்கவேயில்லை. திருவிருந்து ஒழுங்கு சபைக்குச் சபை வேறுபடும், அதை அங்குள்ள ஆயரிடம் நேராகக் கேட்டுவிடுங்கள். வேறு யாராவது விசாரித்தால், "ரொம்ப நாளைக்குப் பிறகு வருகிறேன்" என்றால் போதும். அது பொய்யும் இல்லை.

பண்டிகை இல்லாத ஒரு ஞாயிறு போங்கள். மெழுகுவர்த்தி இருக்காது, பிரசங்கம் நீளலாம், கண்ணீரும் வராமல் போகலாம். அதனால் கிறிஸ்துமஸ் இரவு பொய்யாகிவிடாது. அன்று ஆசீர்வாதம் முடியும்வரை உட்கார்ந்திருங்கள். பல சபைகளில் அது எண்ணாகமம் 6ஆம் அதிகாரத்தில் உள்ள பழைய வாழ்த்து. கர்த்தர் தம் முகத்தை உன் மேல் பிரகாசிக்கச் செய்வாராக என்று வரும். முகங்களுக்குப் பயந்து நீங்கள் கேட்காமலே வந்துவிட்டது அந்த வரியைத்தான்.